வீச்சு பிசகிய பரோட்டா மாஸ்டர்

நோயாளி ஆண், வயது 42. மேலூர்ப் பக்கத்துக்காரர். தொழில் பரோட்டா மாஸ்டர். 18 வயதில் கல்லுக்கு முன்னால் நின்றவர், 24 வருடமாக அந்தச் சூட்டை விட்டு நகரவில்லை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் கண்டுவிடாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயைப் பற்றிய விவரங்களில் கை வைக்கவில்லை.

நரம்பியல் பிரிவுக்கு அவர் வந்தபோது கையிலிருந்த மஞ்சப்பையில் மூன்று வருடத்துச் சீட்டுகள் இருந்தன. ஒரு கட்டு இரத்தசோகைக்கு. இன்னொரு கட்டு மனநல மருத்துவர் எழுதியது. மூன்றாவது ஒரே ஒரு தாள், குடி மறுவாழ்வு மையத்தில் சேரச் சொல்லி. மூன்றையும் எழுதியவர்கள் மூன்று பேர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்த தடயம் எதிலும் இல்லை. நானும் முதல் நாளில் அந்த இரத்தசோகைக் கட்டைப் புரட்டிவிட்டு ஓரமாகத்தான் வைத்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வந்த குறை

"எப்ப இருந்து நடை தள்ளாடுது?" என்று கேட்டேன்.

"தள்ளாட்டம் பின்னாடி வந்தது சார். மொதல்ல வீச்சு போச்சு."

பரோட்டாக் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்க்காத மதுரைக்காரர் இருக்க முடியாது. எண்ணெயில் ஊறிய உருண்டையைத் தட்டி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, மணிக்கட்டைச் சுழற்றி நாலு வீச்சு வீசினால் மாவு வேட்டி மாதிரி விரியும். கிழியக் கூடாது, தொய்யவும் கூடாது. இவருக்குக் கிழிய ஆரம்பித்தது. "மாவு பிசைஞ்சது சரியில்லைன்னு பையனைத் திட்டுனேன். எண்ணெயை மாத்துனேன். மூணு மாசம் கழிச்சுத்தான் என் கைதான் கோளாறுன்னு தெரிஞ்சுச்சு." அடுத்து, வெந்த பரோட்டாக்களை அடுக்கி இரண்டு பக்கமும் கையால் அடித்து உதிர்க்கும்போது ஒரு கை முந்தியது, ஒரு கை பிந்தியது. முன்கையில் சூட்டுத் தழும்புகள் கூடின.

அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையைச் சோதிக்க எங்களிடம் சில சின்ன வேலைகள் உண்டு. விரலால் மூக்கைத் தொடு, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பித் தட்டு, கோட்டில் நட. பரோட்டா வீசுவது இவை எல்லாவற்றையும் விடக் கடினமான தேர்வு. ஒரு நாளைக்கு நானூறு தடவை அந்தத் தேர்வை எழுதுகிறவர் என்பதால்தான், மற்றவர்கள் கண்ணில் படுவதற்கு ஒரு வருடம் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவராக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்காது.

பிறகு நடை. கடை அடைத்து இரவு ஒரு மணிக்கு வண்டியை எடுக்கப் போகும்போது கால் அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்தது. முதலாளி பக்கத்தில் வந்து வாயை மோந்து பார்த்தார். ஒரு நாள் வழியில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். "மெஷின்ல சைபர் சார், நடையில ஃபுல்லு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குடிக்காதவர் என்று சொல்ல மாட்டேன். திருவிழா, கல்யாணம் என்றால் குடிப்பவர். அதையும் விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. ஆனால் தள்ளாடும் ஏழை ஆண் என்றால் நம் ஊரில் நோயறிதல் வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

மனைவி சொன்ன கதை வேறு, அது இன்னும் பழையது. "நடை எல்லாம் அப்புறம் சார். அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே இவுக இவுகளா இல்ல." தூக்கம் போனது. எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். நாலு கொத்து கேட்டால் இரண்டு போட்டுவிட்டு மறந்துவிடுவது. இரவில் எழுந்து உட்கார்ந்து அழுவது. இடையில் ஒரு மாதம், கடைப் பையன்கள் மாவில் என்னவோ கலக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார்கள். மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று எஸ்சிடாலோபிராமும், இரவுக்குக் குளோனசிபாமும் கொடுத்தார். அந்த நோயறிதலில் தப்பில்லை, மனச்சோர்வு இருந்தது நிஜம். அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் யாராலும் கேட்கப்படாமல் நின்றது.

பரிசோதனை

கால்களை அகட்டி வைத்து நடந்தார். குதிகாலும் பெருவிரலும் ஒட்ட வைத்து நடக்கச் சொன்னபோது இரண்டாவது அடியிலேயே சுவரைப் பிடித்தார். பக்கவாட்டில் பார்க்கும்போது கண்மணி துடித்தது. பேச்சில் ஒரு இழுவை. மூக்கைத் தொட வரும் விரல் கடைசி அங்குலத்தில் தடுமாறியது. கணுக்காலில் இசைக்கவையை வைத்தால் அதிர்வு தெரியவில்லை. பாதத்தில் ஊசிக் குத்தல் மாதிரி இருப்பதாக அப்போதுதான் சொன்னார், அதுவரை யாரும் கேட்கவில்லையாம். இந்தத் தள்ளாட்டத்துக்கு மருத்துவத்தில் அட்டாக்சியா என்று பெயர். அதை அளக்கும் சாரா மதிப்பெண் 40க்கு 13, கூடக்கூட மோசம். ஆக அடிபட்டது மூன்று இடம்: சிறுமூளை, புற நரம்புகள், மனம்.

குளோனசிபாமே தள்ளாட்டம் தரக்கூடிய மருந்து என்பதால் மனநல மருத்துவரிடம் பேசி மெதுவாகக் குறைத்து நிறுத்தினோம். நடை மாறவில்லை. பி12 சரியாக இருந்தது. எச்.ஐ.வி., சிபிலிஸ் இல்லை. வைட்டமின் ஈ, தாமிரம் சரி. மறைந்திருக்கும் புற்றுநோய்க்கான தேடலிலும் ஒன்றும் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இப்படி வந்ததில்லை. ஆனாலும் பரம்பரை வகைகளில் எஸ்.சி.ஏ. 1, 2, 3 மூன்றையும் பார்த்தோம், இல்லை. எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளையின் நடுப்பகுதி லேசாகச் சுருங்கியிருந்தது. நரம்புக் கடத்தல் சோதனையில் கால்களின் உணர்வு நரம்புகள் தளர்ந்திருந்தன.

இவ்வளவும் பார்த்து, காரணம் தெரியாத அட்டாக்சியா என்று எழுதப் போகும் நேரத்தில்தான் ஓரமாக வைத்த கட்டை மறுபடி எடுத்தேன். ஹீமோகுளோபின் 9.1. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. மூன்று வருடமாக இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. மாதவிடாய் இல்லாத, மூலம் இல்லாத, மலத்தில் இரத்தம் போகாத ஒரு ஆணுக்கு இரும்பு எங்கே போகிறது? போகவில்லை என்றால், உள்ளேயே ஏறவில்லை என்றுதானே அர்த்தம். இரும்பு ஏறுகிற இடம் சிறுகுடலின் முதல் பகுதி.

"தினம் என்னண்ணே சாப்பிடுவீங்க?"

"கடைச் சாப்பாடுதான் சார். ராத்திரி எல்லாம் முடிஞ்சு ஆறு பரோட்டா. சாயங்காலம் டீயோட பன்னு, வர்க்கி. மத்தியானம் எந்திரிக்கவே நேரமாயிரும், சில நாள் மிச்சப் பரோட்டாவைப் பிச்சுப்போட்டு சால்னா ஊத்தி..." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சோறு எனக்கு வாரத்துல ரெண்டு நாள்தான்" என்றார்.

அரிசி நாட்டில் ஒரு கோதுமை வயிறு

கோதுமை ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய் வடநாட்டு வியாதி என்றுதான் நாங்கள் படித்தோம். அதற்குக் காரணம் இருக்கிறது. 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. வடக்கே நூற்றுக்கு ஒருவர் அளவில் இந்த நோய் இருந்தது. தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர். ஆனால் அதே ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. நோய்க்கு அடித்தளமான டி.க்யூ.2, டி.க்யூ.8 மரபணுக்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தன. மாறியது கோதுமை. வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். மரபணு மட்டும் நோயைக் கொண்டுவந்துவிடாது; அது இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்கக் கோதுமை தின்று சுகமாகவே இருக்கிறார்கள். ஆனால் நம்மவர்களிடம் இந்த நோய் அரிதாகத் தெரிவதில் சோற்றுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு பரோட்டாவுக்கு 50 கிராம் மைதா என்று வைத்தாலும் இவருடைய ஆறு பரோட்டா 300 கிராம். பன்னும் வர்க்கியும் சேர்த்தால், மேலூரில் உட்கார்ந்து ஹரியானாக்காரர் அளவுக்குக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நோயாளியின் ஊரைக் கேட்டு நோயைத் தள்ளிவிடுகிறோம், தட்டைக் கேட்பதில்லை. இது பரோட்டா மாஸ்டருக்கு மட்டுமான கதையும் அல்ல. சர்க்கரை வந்தால் ராத்திரி சப்பாத்தி என்று நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். மதுரையில் நாற்பது வயதுக்கு மேல் எத்தனை வீட்டில் ராத்திரி உலை வைக்கிறார்கள்?

இரத்தத்தில் சீலியாக் நோயைக் காட்டிக்கொடுக்கும் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள், சாதாரண எல்லையைப் போல எட்டு மடங்கு. மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் கூடவே பார்த்தோம். சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ.வே சுரக்காது, அவர்களுக்கு இந்தச் சோதனை பொய்யாக நல்ல சேதி சொல்லும். எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலின் மடிப்புகள் ரம்பப் பல் மாதிரி வெட்டுப்பட்டிருந்தன. திசுச் சோதனையில் மார்ஷ் 3, அதாவது குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. வயிற்றுப்போக்கு இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு நாள்கூட இல்லை. வாயில் அடிக்கடி புண் வரும், அவ்வளவுதான்.

குடல் நோய் தலைக்கு ஏறுவது எப்படி

நோயாளிக்கு இதை விளக்க எனக்கு அவருடைய தொழிலே கைகொடுத்தது. மாவு கிழியாமல் இழுபடுகிறதே, அந்த இழுவைக்குப் பெயர்தான் குளூட்டன் என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப அரிசி மாவுல வீச்சு வராதது அதனாலதானா சார்?" அதனால்தான்.

குளூட்டனில் இருக்கும் கிளையடின் என்ற புரதம் முழுதாகச் செரிக்காது. உடலின் டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி அதன் உருவத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது. மாறிய உருவத்தை டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 உள்ள உடல் எதிரி என்று எடுத்துக்கொண்டு தாக்குகிறது. அந்தத் தாக்குதல் குடலின் சொந்தத் திசுவிலும் விழுகிறது. அந்த நொதிக்குக் குடும்பம் உண்டு. குடலில் முக்கியமானது இரண்டாம் எண். நரம்புத் திசுவில் ஆறாம் எண். குளூட்டன் அட்டாக்சியா நோயாளிகள் பலரின் இரத்தத்தில் இந்த ஆறாம் எண்ணுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டிருக்கிறார்கள். அடிபடுவது சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள். செத்துப்போன பர்கின்ஜி செல் திரும்ப முளைக்காது. சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று நாங்கள் பதறுவது அதற்காகத்தான்.

இது புதிய செய்தியும் அல்ல. கோதுமைதான் காரணம் என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே தன் வார்டுப் பிள்ளைகளிடம் கவனித்து 1950இல் ஆய்வேடாக எழுதினார். போர்ப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத மாதங்களில் அந்தப் பிள்ளைகள் தேறினார்கள், ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1966இல் பிரிட்டனில் சீலியாக் நோயோடு நரம்புக் கோளாறும் வந்த 16 பேரைப் பற்றிக் கட்டுரை வந்தது. 1990களில் ஷெஃபீல்டின் மரியோஸ் ஹட்ஜிவாசிலியூ, காரணம் தெரியாத அட்டாக்சியாக்காரர்களிடம் குளூட்டன் எதிர்ப்பொருளைத் தேடத் தொடங்கினார். குளூட்டன் அட்டாக்சியாவில் பத்தில் ஒருவருக்குக்கூட வயிற்றுத் தொந்தரவு இருப்பதில்லை என்பது அந்த வழியில் வந்த தகவல்.

மனம் பற்றிக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேச வேண்டும். சீலியாக் நோயாளிகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். மறதி, கவனம் நிற்காமை, தலைக்குள் புகை மூட்டம் மாதிரி என்று பலர் சொல்கிறார்கள். இரும்புக் குறைவு, வைட்டமின் குறைவு, ஓயாத அழற்சி, கூடவே வரும் தைராய்டு கோளாறு, நீண்ட நாள் நோயாளியாக இருக்கும் சலிப்பு என்று இதற்குப் பல கைகள். இவருக்கு எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மனப்பிளவு நோய்க்கும் கோதுமைக்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க மருத்துவர் டோஹன் 1966இலேயே கேட்டார். போர்க்காலத்தில் கோதுமை குறைந்த நாடுகளில் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்ததைக் காட்டினார். அந்தக் கேள்வி இன்னும் முடிவுக்கு வரவில்லை. அதற்குள் "கோதுமையை விட்டால் மனநோய் போகும்" என்று மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். எதிர்ப்பொருள் சோதனை இல்லாமல் அப்படிச் செய்வது ஆபத்து. இவருக்குக்கூட எஸ்சிடாலோபிராமை ஒன்பதாவது மாதம்தான், மனநல மருத்துவர் சொன்ன பிறகு குறைத்தோம்.

இன்னொன்று. இந்த நோயைச் சொன்னதும் கூட வந்த மைத்துனர், "அதான் சார், மைதால வெள்ளையாக்குற கெமிக்கல்" என்று கைப்பேசியை நீட்டினார். மைதாவின் வெள்ளைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தவிடு போகாத கோதுமையில் சப்பாத்தி சுட்டு இதே அளவு தின்றிருந்தாலும் இதே கதிதான்.

சிகிச்சை, அல்லது பெருங்காயம்

மருந்து ஒன்றே ஒன்று: கோதுமை, பார்லி, ரை மூன்றையும் ஆயுளுக்கும் நிறுத்துவது. (ரை என்றால் கம்பு என்று தமிழில் சில இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். அது தப்பு. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, வரகு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.) ரவை, சேமியா, பிஸ்கட், பன், பார்லி சேர்ந்த மால்ட் பானங்கள் எல்லாம் போக வேண்டும். உடம்பு தேற மால்ட் குடி, ரொட்டி தொட்டுச் சாப்பிடு என்று மூன்று வருடமாக எல்லாரும் இவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரும்பை ஊசி வழியாக ஏற்றினோம். ஜிகர்தண்டா குடிக்கலாமா என்று கேட்டார். பாலும் பாதாம்பிசினும் நன்னாரியும் ஒன்றும் செய்யாது என்றேன். அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த ஒரே சந்தோஷம் அது.

பஞ்சாபில் இந்த நோய் வந்தவருக்குச் சமையலறையே மாற வேண்டும். நமக்கு இட்லி, தோசை, சோறு, இடியாப்பம் இருக்கின்றன. அதனால் இது சுலபம் என்று நினைத்தேன்.

மூன்று மாதத்தில் தூக்கம் வந்தது, அழுகை நின்றது. கடைப் பையன்கள் மீதிருந்த சந்தேகத்தைப் பற்றிக் கேட்டால் வெட்கப்பட்டார். ஆனால் ஆறாவது மாதம் எதிர்ப்பொருள் எட்டு மடங்கிலிருந்து மூன்று மடங்குக்கு வந்து அங்கேயே நின்றது. எங்கோ கோதுமை நுழைகிறது. மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன சார் இவுகளுக்கு விசமா வைக்கிறேன்?" வீட்டில் இருக்கும் டப்பா, பாக்கெட் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். ஒயர் கூடை நிறைய வந்தது. அதில் பெருங்காய டப்பா. பின்பக்கம், பூச்சிக் கண்ணுக்கே தெரியும் எழுத்தில், கோந்து, கோதுமை மாவு. தனிப் பெருங்காயம் காரம் அதிகம் என்பதால் மாவு சேர்த்துத்தான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். கோதுமை மாவுக்குப் பதில் அரிசி மாவு சேர்ப்பதும் உண்டு. படித்து வாங்க வேண்டும்.

பெருங்காயத்தைக் குற்றவாளி ஆக்கினால் கதை நன்றாக முடியும். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. 2007இல் இத்தாலியில் செய்த ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் கொடுத்தாலே குடல் கெடுவதைக் கண்டார்கள். அது ஏறக்குறைய அரை கிராம் மைதா. குடும்பத்துக்கே வைக்கும் சாம்பாரில் போடும் சிட்டிகையில் ஒருவர் பங்குக்கு அவ்வளவு வராது. விடாமல் கேட்டதில் இன்னொன்று வெளியே வந்தது. சாயங்காலம் கடைக்குப் போய்ப் புதுப் பையனுக்கு மாவு பிசையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தின்னவில்லை, சத்தியமாகத் தின்னவில்லை. ஆனால் மூட்டையைக் கொட்டும்போது எழும் மாவுப் புழுதி மூக்குக்குள் போனால் தொண்டை வழியாக வயிற்றுக்குத்தானே இறங்கும். அதுதான் பெரிய பங்கு என்பது என் கணிப்பு.

"கல்லை விட்டுட்டு நான் எங்கிட்டு சார் போறது?"

அதற்கு மருத்துவத்தில் பதில் கிடையாது. அதே கடையில் தோசைக்கு மாறலாம் என்று முதலாளி சொன்னார். பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் ஊற்றுகிற கடை. அதுவும் ஆகவில்லை. இப்போது வீட்டு வாசலில் காலையில் கணவனும் மனைவியும் இட்லி, பணியாரம் போடுகிறார்கள். வருமானம் பாதி. இதை எழுதாமல் விட்டால் சிகிச்சை வெற்றி என்று மட்டும் படிப்பீர்கள்.

ஒரு வருடம் கழித்து

எதிர்ப்பொருள் எல்லைக்குக் கீழே. ஹீமோகுளோபின் 13.4. சாரா மதிப்பெண் 7. பேச்சின் இழுவை போய்விட்டது. அகட்டி நடப்பது குறைந்தது. கோட்டில் நடக்கச் சொன்னால் எட்டு அடி போகிறார், ஒன்பதாவதில் சாய்கிறார். பாதத்தின் குத்தல் அப்படியே இருக்கிறது. ஈரத் துண்டைக் கொடுத்து வீசிக் காட்டச் சொன்னேன். மூன்று வீச்சு சரியாக வந்தது. நாலாவதில் துண்டு என் மேஜைமேல் விழுந்தது.

அன்று கூட வந்திருந்த மகளுக்கு 13 வயது. வகுப்பில் கடைசி உயரம். பள்ளியில் இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள், ஏறவில்லை என்றார் மனைவி. சீலியாக் நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் பன்னிரண்டு பதிமூன்று பேருக்கு ஒருவருக்கு இது இருக்கும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் உயர்ந்திருந்தது. எண்டோஸ்கோப்பிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் குடல் தேறத் தொடங்கித் திசுச் சோதனை ஏமாற்றிவிடும் என்று சொன்னேன். மூன்று வாரமும் தினம் கொடுங்கள், ஆனால் வீட்டுக்குள் மாவு பிசைய வேண்டாம், கடையில் வாங்குங்கள் என்றேன். மாஸ்டர் தலையாட்டினார். தினம் சாயங்காலம் பழைய கடைக்குப் போய், உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்று, மகளுக்கு இரண்டு பரோட்டா பார்சல் வாங்கி வருகிறார்.